பாஷ் ஸ்கிரிப்டில் கோப்பை வரிவரியாகப் படிப்பது எப்படி

ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது, அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து ஏதாவது செய்ய வேண்டும். லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லான பாஷில் ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்ததுமே வந்து நிற்கும் தேவை இது. பலரும் உடனே ஃபார் லூப் எழுதி, டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு அதற்குள் கோப்பில் உள்ளதைக் காட்டும் கேட் கட்டளையை வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது வரியைப் பார்த்துப் பிரிக்காது, இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டும். ‘தஞ்சாவூர் பெரிய கோயில்’ என்று ஒரே வரி இருந்தால் லூப் மூன்று முறை ஓடும். ஒரு வரியில் வெறும் நட்சத்திரக் குறி இருந்தால் இன்னும் மோசம், அந்த ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளின் பெயர்களெல்லாம் உள்ளே வந்து விழும்.

சரியான வழி வைல் லூப்தான். முதலில் ‘வைல்’, அடுத்து ‘ஐஎஃப்எஸ்’ (வரியை எந்தக் குறியில் பிரிப்பது என்று ஷெல்லுக்குச் சொல்லும் மாறி) என்று எழுதி ஒட்டினாற்போல ஒரு சமக்குறி, அதற்குப் பிறகு எதுவும் போடாமல் ஒரு இடைவெளி, பிறகு ‘ரீட் -ஆர்’, கடைசியில் வரியை வாங்கிக்கொள்ளும் மாறியின் பெயர். அப்புறம் வழக்கம்போல டூ, உங்கள் வேலை, டன். டன்னுக்குப் பக்கத்தில் < குறி போட்டு, கோப்பின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள்.

இதில் எதையும் அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. ஐஎஃப்எஸ்ஸைக் காலியாக விடவில்லை என்றால் வரியின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை ரீட் தின்றுவிடும், யாமல் மாதிரி முன்னிடைவெளியை நம்பியிருக்கும் கோப்புகள் அதோடு காலி. -ஆர் இல்லையென்றால் \ குறிகள் காணாமல் போகும். லூப்புக்குள் மாறியைப் பயன்படுத்தும்போதும் இரட்டை மேற்கோளுக்குள்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் சொன்ன வெட்டு வேலை அங்கே நடக்கும்.

கோப்பின் கடைசி வரி என்டர் இல்லாமல் முடிந்திருந்தால் ரீட் அந்த வரியைப் படித்துவிட்டு, தோல்வி என்று சொல்லித் திரும்பும், லூப்பும் அந்த வரியைத் தொடாமலே முடிந்துவிடும். இதற்கு மாறியின் பெயருக்குப் பிறகு || போட்டு, சதுர அடைப்புக்குள் -என் கொண்டு மாறி காலியாக இல்லையா என்று ஒரு சோதனை சேர்த்துவிடுங்கள்.

‘கேட்’டில் ஆரம்பித்து | குறி வழியாக வைல் லூப்புக்கு அனுப்பும் பழக்கமும் வேண்டாம். பாஷ் வழக்கமாக அந்த லூப்பைத் தனி சப்ஷெல்லில், அதாவது தன் நகலான இன்னொரு ஷெல்லில் ஓட்டும். உள்ளே எண்ணிய எண்ணிக்கை வெளியே வந்து பார்த்தால் பூஜ்யமாகவே இருக்கும், பிழைச் செய்தி ஒன்றும் வராது என்பதால் காரணத்தைத் தேடியே பாதி நாள் போய்விடும்.

விண்டோஸிலிருந்து வந்த கோப்பா? ஸ்கிரிப்டில் கை வைப்பதற்கு முன் ‘ஃபைல்’ கட்டளையால் ஒரு முறை பாருங்கள். சிஆர்எல்எஃப் என்று வந்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கிறது. கோப்பு கண்ணெதிரே இருந்தாலும் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று ஷெல் அடம்பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். டாஸ்-டு-யூனிக்ஸ் கட்டளை அதைச் சரிசெய்துவிடும், ஆனால் அசல் கோப்பையே மாற்றும், அதனால் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கோப்புகளில் தமிழ் இருந்தால் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோட் கணக்கில் ‘மி’யின் இகரக் குறியும் ‘ழ்’ மேலுள்ள புள்ளியும் தனித்தனி என்பதால் 5. யூடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 15. இந்தச் சொல்லை பிரின்ட்எஃப் மூலம் எண்ணிச் சொல்லும் ‘டபிள்யூசி’க்கு அனுப்பிப் பாருங்கள், -சி கொடுத்தால் 15 வரும், மொழி அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இருந்தால் -எம் கொடுக்கும்போது 5 வரும். பாஷில் இதே சொல்லின் முதல் இரண்டு எழுத்தைக் கேட்டால் ‘தம’ என்று இகரக் குறி போய்த்தான் கிடைக்கும். அதனால் தமிழ் வரியை இத்தனையாவது எழுத்து என்று எண்ணி வெட்டவே வெட்டாதீர்கள், காற்புள்ளி, டேப் மாதிரி ஒரு பிரிப்பானை வைத்துப் பிரியுங்கள். ஐஎஃப்எஸ்ஸில் காற்புள்ளியைக் கொடுத்து, ரீட்டுக்குப் பெயர், ஊர் என்று இரண்டு மாறிகளைக் கொடுத்தால் வரி அழகாகப் பிரிந்து வரும். மேற்கோளுக்குள் காற்புள்ளி வரும் சிஎஸ்வி கோப்பு என்றால் மட்டும் இதை நம்பாமல் பைத்தானுக்குப் போய்விடுங்கள். லட்சக்கணக்கான வரிகள் என்றாலும் ஷெல் லூப் நத்தை வேகம்தான், அதற்கு ஆக் என்ற கட்டளை இருக்கிறது.

பட்டியலில் பத்து சர்வர் இருந்தும் லூப் முதல் சர்வரோடு நின்றுவிடுகிறது என்றால், வேறு சர்வரில் கட்டளை ஓட்டுவதற்காக உள்ளே வைத்த எஸ்எஸ்ஹெச் மீதி வரிகளை எல்லாம் தனக்கு வந்த உள்ளீடு என்று நினைத்து விழுங்கிவிட்டது. எஸ்எஸ்ஹெச்சுக்கு -என் கொடுங்கள், பத்துக்கும் ஓடும்.