இருபது டம்ளர் பழ பஞ்ச், கேஸ் போகாமல்

அக்கா பையனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குத்தான் இதை முதன்முதலில் செய்தேன். சேலத்தில் மே மாத வெயில். சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டைமாடியில் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. நான் நாலரைக்கே பழச்சாறு, சோடா, ஐஸ் எல்லாவற்றையும் பெரிய குண்டானில் ஒன்றாக ஊற்றிக் கலக்கி, தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டேன். ஆறரைக்குத் திறந்து பார்த்தால் ஒரு குமிழி இல்லை. ஐஸ் கரைந்து, தண்ணீர் விட்ட ஜூஸ் மாதிரி நின்றது. மத்தியானம் முழுக்க உரித்துப் பிழிந்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று அழுகையே வந்தது.

அன்று தவறவிட்டது இரண்டு விஷயம்தான். ஒன்று, ஊற்றுகிற எல்லாமே ஜில்லென்று இருக்க வேண்டும். இரண்டு, சோடா கடைசியில்தான். சோடாவில் சுர்ரென்று இருப்பது தண்ணீரில் கரைந்த கரியமில வாயு. தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் அது தங்கும். 0 டிகிரியில் தங்குகிற வாயுவில் 20 டிகிரியில் பாதிதான் தங்கும். எங்கள் ஊர் மே மாதத்து 35 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சாறு சூடாக இருந்தால், சோடா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊற்றிய நிமிடமே கேஸ் போய்விடும்.

பஞ்ச் என்ற பெயர் ஐந்து என்று பொருள்படும் 'பாஞ்ச்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய வணிகர்கள் சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து பொருள் சேர்த்துக் குடித்தார்களாம். நம்முடையதில் சாராயம் கிடையாது. ஆனால் அன்னாசி, மாம்பழம், ஆரஞ்சு, எலுமிச்சை, இஞ்சி என்று ஐந்து இருக்கிறது.

வாங்க வேண்டியவை

200 மில்லி டம்ளரில் இருபது டம்ளருக்கு இந்தக் கணக்கு:

அன்னாசி – பெரியது 1 (சுமார் 2 கிலோ)
மாம்பழம் – நடுத்தரமானது 2
கமலா ஆரஞ்சு – 6
எலுமிச்சை – 4
சர்க்கரை – கால் கிலோ
இஞ்சி – கட்டைவிரல் நீளத் துண்டு
உப்பு – இரண்டு சிட்டிகை
சாதா சோடா – 2 லிட்டர்

அன்னாசியில்தான் இந்தப் பானத்தின் ருசியே இருக்கிறது. அதனால் கடையில் கொஞ்சம் நின்று பார்த்து வாங்குங்கள். பறித்த பிறகு அன்னாசி மேற்கொண்டு இனிக்காது. நிறம் மாறலாம், மெத்தென்று ஆகலாம், அவ்வளவுதான். காம்பு இருந்த அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். தேன் மாதிரி வாசனை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், புளித்த கள் வாசனை வந்தால் வைத்துவிடுங்கள். வாசனையே இல்லையென்றால் காய். கையில் தூக்கும்போது பார்வைக்குத் தெரிவதைவிடக் கனமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் கொல்லிமலை அன்னாசி வரும் நாட்களில் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை.

மாம்பழத்துக்கு நார் இல்லாத பங்கனபள்ளி போதும். மல்கோவாவையும் இமாம் பசந்தையும் நறுக்கித் தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள், சோடாவில் கரைக்க வேண்டாம்.

முதல் நாள் இரவு

சோடா பாட்டில்களை ஃபிரிட்ஜில் படுக்க வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் பாட்டில் வெடிக்கும்.

அடுத்தது பாகு. கால் லிட்டர் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டு, இஞ்சியை நசுக்கிச் சேர்த்து அடுப்பில் வையுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஆறியதும் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். சர்க்கரையை நேராகச் சாற்றில் கொட்டினால் என்ன என்று கேட்கலாம். ஜில்லென்ற சாற்றில் அது லேசில் கரையாது, அடியில் தங்கும். அதன் மேல் சோடாவை ஊற்றினால், ஒவ்வொரு சர்க்கரைத் துகளையும் பிடித்துக்கொண்டு வாயு குமிழியாகக் கிளம்பிவிடும். ஒரு டம்ளர் சோடாவில் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பாருங்கள், விளிம்பு தாண்டிப் பொங்கும். உப்பு போட்டாலும் அப்படித்தான். அதனால் இரண்டுமே முன்கூட்டியே கரைந்திருக்க வேண்டும்.

ஐஸுக்கு ஒரு வழி சொல்கிறேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் நாலைந்து அன்னாசித் துண்டுகளைப் பரப்பி, கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை ஊற்றி ஃபிரீசரில் வையுங்கள். சின்னச் சின்னக் கட்டிகளைவிட ஒரே பெரிய கட்டி மெதுவாகக் கரையும், பஞ்ச் நீர்த்துப்போகாது.

அன்று மத்தியானம்

அன்னாசியின் தோலைக் கொஞ்சம் தடிமனாகச் சீவி, கண்களை எடுத்து, நடுத்தண்டை நீக்கித் துண்டு போடுங்கள். மிக்ஸியில் தண்ணீர் விடாமல் விட்டு விட்டு அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் போட்டுப் பிழியுங்கள். 600, 650 மில்லி சாறு கிடைக்கும். மேலே வெள்ளையாக நுரை கட்டும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அது ஒதுங்கி நிற்கும், கரண்டியால் எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் சோடா ஊற்றும்போது நுரை இரண்டு மடங்காகும்.

மாம்பழத்தை அரைத்து, வடிகட்டியில் தேய்த்து இறக்குங்கள். 300, 350 மில்லி போதும். நிறத்துக்காக ஆசைப்பட்டு அதிகம் சேர்த்தால் பானம் கூழாகிவிடும்.

கமலாவும் எலுமிச்சையும் மட்டும் இப்போது வேண்டாம். பிழிந்து பல மணி நேரம் வைத்தால் கசப்பு ஏறும். ஆட்கள் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது பிழியுங்கள், அதுவும் கையால். மிக்ஸியில் போட்டால் விதை நசுங்கி அந்தக் கசப்பும் சேர்ந்துகொள்ளும்.

பிழிந்ததும் நான்கு சாறுகளையும் உப்பையும் முக்கால்வாசிப் பாகையும் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். அலுமினியம், பித்தளை வேண்டாம், புளிப்பு பட்டால் உலோக வாடை வரும். கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் இருக்கும். இதைத்தான் நான் 'அடிச்சாறு' என்று சொல்வேன்.

இப்போது ருசி பார்க்க வேண்டும். அடிச்சாற்றை அப்படியே குடித்துப் பார்த்தால் கணக்குத் தப்பும். ஒரு சின்ன டம்ளரில் பாதி சாறு, பாதி சோடா ஊற்றி அதைக் குடித்துப் பாருங்கள். சோடா சேர்ந்தால் இனிப்பு பாதியாகும், ஜில்லிப்பில் நாக்குக்கு இனிப்பு இன்னும் குறைவாகத் தெரியும். எனவே அடிச்சாறு தனியாகக் குடிக்கும்போது சற்றுத் திகட்ட வேண்டும், அதுதான் சரி. போதவில்லையென்றால் மீதிப் பாகைச் சேருங்கள். சோடாவுக்குப் பதில் இனிப்பான லெமன் பானம் ஊற்றுவதாக இருந்தால் ஆரம்பத்திலேயே பாகைப் பாதியாக்கிவிடுங்கள். பன்னீர் சோடா இதில் எனக்குப் பிடிக்கவில்லை. ரோஜா வாசனையும் மாம்பழ வாசனையும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குப் பேஷன் ஃப்ரூட், அதாவது தாட்பூட் பழம், கிடைத்தால் ஐந்தாறு பழத்தின் உள்ளீட்டை வழித்துப் போடுங்கள். அதன் மணத்துக்கு ஈடு கிடையாது. அப்போது எலுமிச்சையில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆட்கள் வந்த பிறகு

எல்லாரும் உட்காரும் வரை பொறுங்கள். பிறகு அகலப் பாத்திரமாக இல்லாமல், உயரமான ஜக்காக எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகலமாக இருந்தால் வாயு சீக்கிரம் வெளியேறும். முதலில் ஒரு லிட்டர் அடிச்சாறு, அதில் ஐஸ் கட்டியை உடைத்துப் பாதி. ஜக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒரு லிட்டர் சோடாவை உள்பக்கச் சுவரோடு ஒட்டி வழிகிற மாதிரி மெதுவாக ஊற்றுங்கள். நீளக் கரண்டியை அடி வரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள், போதும். சுற்றிச் சுற்றிக் கலக்காதீர்கள். அடியில் தங்கிய மாம்பழ மஞ்சள் அந்த ஒரு தூக்கலில் புகை மாதிரி மேலே சுருண்டு வரும். ஜக்கில் காதை வைத்தால் சன்னமாக மழைச் சத்தம் கேட்கும்.

இது பத்து டம்ளருக்கு. அவை காலியான பிறகுதான் அடுத்த பத்தைக் கலக்க வேண்டும். ஆட்கள் குறைவு, கோலி சோடா கிடைக்கும் என்றால் இன்னும் நல்லது. டம்ளரில் பாதி அடிச்சாறு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவரவர் முன்னாலேயே கோலியைத் தட்டி ஊற்றுங்கள். குழந்தைகள் பழத்தைவிட அந்த 'டப்' சத்தத்துக்குத்தான் சுற்றி நிற்பார்கள். "சித்தி, எனக்கு நான்தான் தட்டுவேன்" என்று சண்டையே நடக்கும்.

ஜெல்லித் துண்டு போட நினைத்தால் ஜெலட்டினில் செய்தது வேண்டாம். பச்சை அன்னாசிச் சாற்றில் இருக்கும் புரோமெலைன் என்ற நொதி அதைக் கரைத்துவிடும். கடல்பாசி ஜெல்லிக்கு ஒன்றும் ஆகாது. அதே நொதி பாலையும் கசக்க வைக்கும், அதனால் ஐஸ்கிரீம் மிதக்க விட்டால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

அடிச்சாறு மீந்தால் சோடா கலக்காமல் அப்படியே குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். மறுநாள் மத்தியான வெயிலுக்கு ஆகும்.