மீன் (சராசரி) பாக்குறதுக்கு முன்னாடி ஒரு ஹிஸ்டோகிராம் (பட்டைப் படம்) போட்டுருங்க: ஆர்-ல முதல் பாடம்

ஸ்டாட்ஸ் புதுசா படிக்கிறவங்க டேட்டா கைக்கு வந்ததும் முதல்ல மீன் போடுவாங்க, அப்புறம் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (நம்பர் எல்லாம் சராசரியை விட்டு எவ்வளவு சிதறி இருக்குங்கிற அளவு), நேரம் மிச்சம் இருந்தா கடைசியா ஒரு படம். என்னைக் கேட்டா இந்த வரிசையே தப்பு, ஏன்னு ஆர்-லயே (R, ஸ்டாட்ஸ் கணக்கு போடுற ப்ரோக்ராம்) இருக்கிற ஒரு டேட்டாவை வச்சு பாத்துரலாம்.

ஆர் ஃப்ரீ தான், கிரான்ங்கிற (CRAN) அதோட சைட்ல டவுன்லோட் பண்ணிக்கலாம், கூடவே ஆர்-ஐ வசதியா ஓட்டுற ஆர்ஸ்டுடியோவும் போட்டுக்கிட்டா பழக ஈஸி. கமாண்ட் எல்லாம் இங்க வாயால சொல்ற மாதிரி தான் எழுதிருக்கேன், நீங்க இங்கிலீஷ்ல டைப் பண்ணிக்கோங்க. சின்ன எழுத்து பெரிய எழுத்து ஆர்-க்கு வேற வேற, அதனால எல்லாமே சின்ன எழுத்துல அடிங்க, நான் மாத்தி சொல்ற இடம் தவிர.

டேட்டா பேரு ஃபெய்த்ஃபுல். அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல யெல்லோஸ்டோன் பார்க் இருக்குல்ல, அங்க ஓல்ட் ஃபெய்த்ஃபுல்னு ஒரு வெந்நீர் ஊத்து இருக்கு, கொஞ்ச நேரம் பீய்ச்சி அடிக்கும், நின்னுரும், திரும்ப அடிக்கும். ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிஷம் அடிச்சுது, அடுத்தது வர எத்தனை நிமிஷம் ஆச்சு, அவ்வளவு தான் டேட்டா. மொத்தம் 272 வரி, ரெண்டே காலம் (column): அடிச்ச நிமிஷத்துக்கு எரப்ஷன்ஸ், காத்திருந்த நிமிஷத்துக்கு வெயிட்டிங். தனியா எதையும் லோட் பண்ண வேணாம், ஹெட்-னு போட்டு பிராக்கெட்டுக்குள்ள ஃபெய்த்ஃபுல்னு அடிச்சா முதல் 6 வரி வந்து நிக்கும்.

இப்ப எல்லாரும் பண்றதையே பண்ணுவோம். சம்மரி, பிராக்கெட்டுக்குள்ள ஃபெய்த்ஃபுல். எரப்ஷன்ஸ்க்கு மினிமம் 1.6, மீடியன் (வரிசையா அடுக்குனா நடுவுல வர நம்பர்) 4, மீன் 3.488, மேக்ஸிமம் 5.1னு வரும், வெயிட்டிங்க்கு மீடியன் 76, மீன் 70.9. சம்மரில ஸ்டாண்டர்ட் டீவியேஷன் வராது, அதுக்கு எஸ்டி ஃபங்ஷனை தனியா கூப்பிடணும், வெயிட்டிங்க்கு 13.59 வரும். மோடுக்கு (அதிக தடவை வர நம்பர்) மோட்-னு அடிச்சுராதீங்க, அந்த பேர்ல இருக்கிற ஃபங்ஷன் உள்ள இருக்கிறது நம்பரா எழுத்தான்னு சொல்றதுக்கு, நம்ம ஸ்டாட்ஸ் மோடுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சரி, இந்த நம்பரை மட்டும் பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுனா என்ன எழுதுவீங்க? "இந்த ஊத்து ஒரு தடவைக்கு சராசரியா மூணரை நிமிஷம் அடிக்கும்"னு தானே. இப்ப படத்தைப் போடுங்க. ஹிஸ்ட், பிராக்கெட், ஃபெய்த்ஃபுல், டாலர் குறி, எரப்ஷன்ஸ், பிராக்கெட் மூடு. ரெண்டு மேடு தெரியும் பாருங்க, ஒண்ணு 2 நிமிஷம் பக்கத்துல, இன்னொண்ணு நாலு நாலரை பக்கத்துல, நடுவுல பள்ளம். நம்ம மூணரை அந்த பள்ளத்துல தான் உக்காந்திருக்கு! 3-ல இருந்து 3.5 வரைக்கும் உள்ள பட்டையில 272-ல பத்து கூட தேறாது, அதாவது நம்ம "சராசரி" எரப்ஷன் அங்க எப்பவாவது தான் நடக்குது.

பாக்ஸ்பிளாட் (டேட்டாவோட நடு பாதியை ஒரு பொட்டியா காட்டுற படம்) இங்க காப்பாத்தும்னு நினைக்காதீங்க. போட்டு பாருங்க, பொட்டி 2.16-ல ஆரம்பிச்சு 4.46-ல முடியும், அந்த பள்ளத்தை அப்படியே உள்ள வச்சு மூடிரும், மீடியன் கோடு மேல தள்ளி இருக்கிறது மட்டும் தான் ஒரே க்ளூ. நாலஞ்சு குரூப்பை பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க பாக்ஸ்பிளாட் அருமையான படம், தனி ஒரு காலத்தோட உருவத்தைப் பாக்க எனக்கு அதுமேல நம்பிக்கை கிடையாது.

ஹிஸ்டோகிராமும் ஏமாத்தும், அதையும் சொல்லிடணும். எரப்ஷன்ஸ்க்கு அப்புறம் ஒரு கமா போட்டு பிரேக்ஸ் (எத்தனை பட்டை வேணும்ங்கிறது) ஈக்வல் டு 2னு குடுங்க. ஆர் மூணு பட்டை தரும், ஏன்னா அங்க நம்ம குடுக்கிற நம்பர் ஒரு யோசனை மட்டும் தான், வசதியான ரவுண்ட் நம்பர்ல வெட்டுற மாதிரி அதுவே மாத்திக்கும். இந்த மூணு பட்டையும் மாடிப்படி மாதிரி ஏறிட்டே போகும், ரெண்டு மேடும் காணாம போயிரும். இப்ப 2-ஐ 20 ஆக்குங்க, மேடு திரும்ப வந்துரும். அதனால எந்த டேட்டாவா இருந்தாலும் பிரேக்ஸை கொஞ்சம் ஏத்தி இறக்கி பாத்துட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க.

ரெண்டு கூட்டம் இருக்குனு தெரிஞ்சப்புறம் அதுங்களை பிரிச்சு பாக்கணும். டிஅப்ளைனு ஒரு ஃபங்ஷன், குரூப் குரூப்பா பிரிச்சு கணக்கு போடும், டி எழுத்தையும் அப்ளையையும் ஒட்டி அடிக்கணும். உள்ள முதல்ல வெயிட்டிங் காலம், அப்புறம் எரப்ஷன்ஸ் 3-க்கு கம்மினு கண்டிஷன், கடைசியா மீன், மூணுக்கும் நடுவுல கமா, காலம் பேருக்கு முன்னாடி ஃபெய்த்ஃபுல் டாலர் மறக்காம. சின்ன எரப்ஷன் 97, அதுக்கப்புறம் சராசரி காத்திருப்பு சுமார் 54 நிமிஷம். பெரிய எரப்ஷன் 175, அதுக்கப்புறம் 80 நிமிஷம். மீனுக்கு பதிலா எஸ்டி குடுத்தா ரெண்டு பக்கமும் 6 கிட்ட தான் வரும், மொத்தமா பாத்தப்ப வந்த 13.59 பெரும்பாலும் இந்த ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல இருக்கிற தூரம் தான். பார்க்ல நிக்கிறவருக்கு 70.9-ஐ விட இந்த ரெண்டு நம்பர் எவ்வளவோ மேல், இப்ப அடிச்சது சின்னதா பெரிசானு பாத்தாலே எவ்வளவு நேரம் நிக்கணும்னு ஓரளவு சொல்லிரலாம்.

பிளாட் ஃபெய்த்ஃபுல்னு போட்டா ஸ்கேட்டர்பிளாட் (ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளியா இருக்கிற படம்) வரும், கோர் போட்டா கோரிலேஷன் (ரெண்டு காலமும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குதுங்கிற அளவு) 0.90. பாத்ததும் சந்தோஷப்படாதீங்க, படத்துல ரெண்டு தனித்தனி கொத்து இருக்கு, சப்செட் ஃபங்ஷனால வரிகளைப் பிரிச்சு ஒவ்வொரு கொத்துக்கும் தனியா கோரிலேஷன் எடுத்தா ரொம்பவே குறைஞ்சுரும்.

இதுல எல்லா கட்டமும் நிரம்பி இருந்துச்சு, உங்க டேட்டா அப்படி இருக்காது. ஏர்குவாலிட்டினு இன்னொரு ரெடிமேட் டேட்டா இருக்கு, ஒரு நாளுக்கு ஒரு வரினு காத்தோட அளவுகள், அதுல ஓசோன் காலத்துக்கு (இதுல ஓ மட்டும் பெரிய எழுத்து) மீன் போட்டா பெரிய எழுத்துல என்ஏ-னு (மதிப்பு இல்லைனு அர்த்தம்) மட்டும் வந்து நிக்கும், காரணம் 153-ல 37 கட்டம் காலி. கமா போட்டு என்ஏ புள்ளி ஆர்எம் ஈக்வல் டு ட்ரூனு சேத்தா காலி கட்டத்தை விட்டுட்டு கணக்கு போடும், 42.13 வரும். முன்னாடி வர என்ஏ சின்ன எழுத்து, ட்ரூ முழுக்க பெரிய எழுத்து. அந்த 42.13-ஐ எங்க எழுதுனாலும் அது 116 நாளோட சராசரினு பக்கத்துலயே போட்டுருங்க.