வெயில் தணிந்து மழை வரும் என்றால்: நீலகிரியில் வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி

"நீலகிரி, கோயம்புத்தூர், திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். அதிகபட்ச வெப்பநிலை 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை படிப்படியாகக் குறையக்கூடும்." கோடை முடிகிற நேரத்தில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை ஏறக்குறைய இந்த மாதிரிதான் வரும். சமவெளியில் இருப்பவர்களுக்கு இதுவே போதும், மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் போதாது. அறிக்கை மாவட்டத்துக்கு எழுதப்படுகிறது. நாம் இருப்பதோ ஒரு சரிவில், ஒரு உயரத்தில். அதை நம் சரிவுக்கு மாற்றிப் படிக்கத் தெரிய வேண்டும்.

நான் பிறந்தது தேவாலா. கல்யாணமாகி வந்தது கோத்தகிரி. இரண்டும் ஒரே மாவட்டம்தான், ஆனால் மழை ஒன்றல்ல. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. அங்கே ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைதான் எல்லாம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை வருவது அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவத்தில். நடுவே 2637 மீட்டர் உயரத்துக்குத் தொட்டபெட்டாவும் அதன் தொடரும் நிற்கின்றன. மேற்கிலிருந்து வரும் மேகம் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, மேல்பவானி என்று கொட்டித் தீர்த்துவிட்டு எங்கள் பக்கம் சாரலோடும் காற்றோடும் வந்து சேரும். 2019 ஆகஸ்ட் 8 அன்று வெளியான கணக்கில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை. கிழக்குச் சரிவு அந்த அளவு மழையை அப்போது பார்க்கவில்லை. 2009 நவம்பரில் நிலைமை தலைகீழ். குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம்தான் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அதனால் அறிக்கை வந்ததும் மழை அளவைத் தேடாதீர்கள். முதலில் காரணம் சொல்லும் வரியைப் படியுங்கள். அறிக்கையின் தலைப்பகுதியிலேயே இருக்கும், பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் மலைக்காரர்களுக்கு அதுதான் முக்கியமான வரி.

"வெப்பச்சலனம் காரணமாக" (அதாவது வெயிலில் சூடான நிலத்திலிருந்து காற்று மேலெழுந்து மேகமாவதால்) என்று இருந்தால், காலையில் நல்ல வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும், இருட்டுவதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஒரு தெருவில் பெய்யும், அடுத்த தெருவில் தூசி பறக்கும். ஆலங்கட்டி விழுவதும் இந்த வகையில்தான். வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய நாட்கள் இவை.

"மேற்குத் திசைக் காற்று வலுப்பெறுவதால்" அல்லது "தென்மேற்குப் பருவமழை தீவிரமடைந்துள்ளதால்" என்று இருந்தால் கதை வேறு. இது நாள் கணக்கில் நிற்கும் மழை. கூடலூர், பந்தலூர் ஆட்கள் உடனே தயாராக வேண்டும். கோத்தகிரியில் காற்றுக்குத்தான் தயாராக வேண்டும், ஏனென்றால் தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் கிளைகள் முறிந்து விழுவது அப்போதுதான். இந்த வரியைப் பார்த்ததும் நான் தேவாலாவில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோன் போடுவேன். "எப்படிண்ணா இருக்கு?" என்றால், "விடவே மாட்டேங்குது தங்கச்சி, துணி ஒன்னும் காயல" என்பார். எங்கள் வீட்டு வாசலில் அப்போது இளவெயில் இருக்கும்.

"வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்ற வரியில் கவனம் தேவை. அது எங்கே, எந்த மாதத்தில் என்று பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒடிசா, மேற்கு வங்கக் கரையோரம் உருவானால் அது மேற்குக் காற்றை இழுத்து, மழையைக் கூடலூர் பக்கம் கொட்ட வைக்கும். நவம்பரில் தமிழகக் கரையை ஒட்டி வந்தால் அந்த மழை குன்னூருக்கும் கோத்தகிரிக்கும். பழனி மலையில் இருப்பவர்களும் இதே முறையில் படிக்கலாம். தென்மேற்குக் காற்று ஆனைமலையில் பெரும்பகுதியை இறக்கிவிட்டுத்தான் கொடைக்கானலுக்கு வருகிறது. அங்கேயும் பெருமழைக் காலம் அக்டோபர், நவம்பர்தான்.

அடுத்தது இடங்களைப் பற்றிய சொற்கள். வழக்கமாக எழுதும் சொற்கள் போலத் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. மழை பதிவாகும் நிலையங்களில் கால்வாசி வரை பெய்தால் "ஓரிரு இடங்களில்", அதற்கு மேல் பாதி வரை "ஒருசில இடங்களில்", முக்கால்வாசி வரை "அநேக இடங்களில்", அதையும் தாண்டினால் "பெரும்பாலான இடங்களில்". நேற்று "ஓரிரு" என்று இருந்தது இன்று "அநேக" என்று மாறியிருந்தால், பருவம் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அளவும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 115.5 வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. இன்று மாலை பெய்தது நாளைய கணக்கில் வருவது அதனால்தான். "மிதமான" என்பதைப் பார்த்து மலையில் அலட்சியமாக இருக்கக் கூடாது. 60 மி.மீ. நாள் முழுக்கப் பெய்தால் மண் குடித்துக்கொள்ளும். அதுவே ஒரு மணி நேரத்தில் பெய்தால், புதிதாகக் கொத்திய கேரட் பாத்தி சாலைக்கு வந்துவிடும்.

இப்போது வெப்பநிலை. 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கூடலூர் சுமார் 1000 மீட்டர், கோத்தகிரி 1800, ஊட்டி 2240. இதை வைத்து உங்கள் ஊரின் பகல் வெப்பத்தைத் தோராயமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் "குளிரும்" என்பதை மலையில் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜனவரிக் குளிர் தெளிந்த வானத்தின் குளிர்: பகலில் வெயில், இரவில் உறைபனி. மழைக்காலக் குளிர் பகலில் வருவது. மேகம் வெயிலை மறைப்பதால் உச்ச வெப்பம் இறங்கும். இரவில் அதே மேகம் நிலத்தின் சூட்டை வெளியே விடாமல் மூடி வைப்பதால் குறைந்தபட்ச வெப்பநிலை அதிகம் இறங்காது. ஊட்டியில் ஏப்ரலில் பகல் 23 டிகிரி அளவில் இருப்பது ஜூலையில் 17, 18க்கு வந்துவிடும். 2024 ஏப்ரல் கடைசியில் 29 தொட்டது, அது மிக அரிது. ஆக, மழை தொடங்கும்போது நீங்கள் தயாராக வேண்டியது இரவுப் பனிக்கு அல்ல, பகல் முழுக்கப் போகாத ஈரத்துக்கு. நோயும் பூஞ்சையும் வருவது இந்த ஈரத்தால்தான்.

அறிக்கையைப் படித்த பிறகு வெளியே வந்து பாருங்கள். புகையைப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறது? மே மாதம் முழுக்க நிலையில்லாமல் அலைந்த காற்று, ஒரு நாள் மேற்கிலிருந்து விடாமல் வீசத் தொடங்கினால் அறிக்கை சொன்ன மாற்றம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் கோடநாட்டுக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. வெப்பச்சலன நாட்களில் மதியத்துக்கு முன்பே அதன் மேல் வெண்மேகம் செங்குத்தாக எழும். அடி கறுத்து, தலை பரந்து விரிந்தால் தோட்டத்தில் இருக்கக் கூடாது.

சொந்தமாக ஒரு மழைமானி வையுங்கள், இதைக் கட்டாயம் செய்யுங்கள் என்றே சொல்வேன். பெரிய செலவில்லை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள கண்ணாடி ஜாடி போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி நட்டு, தினமும் காலை 8.30க்கு அளவுகோலால் நீரின் உயரத்தைப் பாருங்கள். அந்த உயரம்தான் மி.மீ. கணக்கு. ஒரு நோட்டில் தேதியோடும் காற்றுத் திசையோடும் எழுதி, பக்கத்திலேயே அன்றைய அறிக்கை என்ன சொன்னது என்றும் எழுதுங்கள். ஒரு பருவம் முடிவதற்குள், எந்த மாதிரி அறிக்கைக்கு உங்கள் மேட்டில் எவ்வளவு பெய்யும் என்பது பிடிபட்டுவிடும். இதை எந்தச் செயலியும் உங்களுக்காகச் செய்து தராது.

செயலிகளும் வேண்டும்தான். மின்னல் நெருங்குவதை அறிய தாமினி, விவசாய ஆலோசனைக்கு மேகதூத் இரண்டும் தமிழில் கிடைக்கின்றன. செவ்வாய், வெள்ளி தோறும் வேளாண் வானிலை அறிக்கை வரும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையையும் வானிலை மையம் தருகிறது. கோடை இடிமழைக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பைவிட அதுதான் உதவும்.

சரி, மாற்றம் உறுதி என்று தெரிந்தால் என்ன செய்வது? முதல் வேலை வடிகால். பாத்திக்கு நடுவே உள்ள வாய்க்காலில் கோடை முழுக்க விழுந்த இலையும் மண்ணும் கிடக்கும். அதை அள்ளிப் போட்டு, தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் போகாமல் ஓடையில் சேரும்படி வழி விடுங்கள். முற்றிய கேரட்டும் உருளைக்கிழங்கும் இருந்தால் மழைக்கு முன் எடுத்துவிடுவது நல்லது. ஈர மண்ணில் எடுத்த கிழங்கு அழுகும், மேட்டுப்பாளையம் மண்டியில் விலையும் நிற்காது. உரம் போடும் ஆசையை அடக்குங்கள். லேசான மழை என்றால் தேயிலைக்குப் போடலாம். கனமழை என்றால் யூரியா முழுக்க ஓடைக்குப் போய்விடும். நிற்கிற உருளைக்குப் பின்கருகல் நோயும், தேயிலைக்குக் கொப்புள நோயும் விடாத ஈரத்தில் பரவும். இலை நனைவதற்கு முன்பே தடுப்பு மருந்து அடித்துக் காய விட வேண்டும், எது எவ்வளவு என்பதைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள். கொழுந்து எடுப்பவர்கள் இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: நனைந்த இலைக்கு ஃபேக்டரியில் ஈரக் கழிவு பிடிப்பார்கள். வெப்பச்சலன நாட்களில் பனி காய்ந்ததும் எடுக்கத் தொடங்கி மதியத்துக்குள் எடை போட்டுவிட்டால் நஷ்டமில்லை.

வீட்டில் விறகை உள்ளே அடுக்குங்கள், கூரை ஷீட்டின் போல்ட்டுகளைப் பாருங்கள், முதல் மழை கூரையைக் கழுவிவிட்ட பிறகு டிரம்மை வையுங்கள். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 1200 லிட்டர் வரை விழும். பிப்ரவரி, மார்ச்சில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த 1200 லிட்டரின் அருமை தெரியும்.

ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் மேட்டுப்பாளையம் சாலைகளில் இரவுப் பயணம் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய சுவர் இருந்தால், அதன் மேல் புது விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்திலேயே பாருங்கள். ஒன்று கண்ணில் பட்டாலும் இருட்டுவதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்கள். அறிக்கையில் "மழை படிப்படியாகக் குறையும்" என்று வந்த பிறகும் சரிவு உடனே வடிவதில்லை. வெயில் வந்த நாளிலும் மண் இறங்கியிருக்கிறது. அதனால் விழுந்த மண்ணை அள்ள அந்தச் சுவருக்குக் கீழே உடனே போய் நிற்காதீர்கள். ஊற்று தெளிந்து ஓடும் வரை காத்திருந்து, விரிசல் அகலவில்லை என்று பார்த்துவிட்டு, துணைக்கு ஒருவரை மேலே நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.