மலையடிவாரத்தில் கைபேசி வாங்குவோர்க்கு: நடுத்தர விலைக் கைபேசியைச் சோதிக்கும் முறை

தமிழ்நாடு-கேரள எல்லையில் இந்தப் பக்கம் கம்பத்திலோ அந்தப் பக்கம் குமுளியிலோ கைபேசி வாங்க வருகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். கடைக்காரரும் அதற்கான விடையைத் தயாராக வைத்திருக்கிறார். ஆனால் விடியற்காலையில் ஜீப் ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவருக்கும், இரு மாநிலத்துச் சரக்கையும் கைபேசியிலேயே பேசி முடிக்கிற வியாபாரிக்கும் அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. 15,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய் வரையிலான கைபேசிகளில் அன்றாட வேலைக்கான வேகம் இப்போது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. வேறுபாடு இருப்பது டவர் எடுக்கும் திறனிலும், பேட்டரியிலும், எத்தனை ஆண்டுக்கு மென்பொருள் வரும் என்பதிலும், பழுதானால் எங்கே கொண்டுபோவது என்பதிலும்தான். தெருவுக்குத் தெரு கோபுரம் நிற்கும் பெருநகரங்களில் எழுதப்படும் மதிப்புரைகள் இந்த வரிசையைப் பொருட்படுத்துவதில்லை; நமக்கு வரிசையே இதுதான்.

டவரிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு கைபேசியும் எந்தெந்த அலைவரிசைகளில் பேசும் என்ற பட்டியல் அதன் நிறுவனத்தின் இணையதளத்தில், விவரக்குறிப்பின் அடிப்பகுதியில் இருக்கும். ஜியோவின் 5ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸிலும் 3,300 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகிறது. பட்டியலில் இவை முறையே என்28, என்78 என்று குறிக்கப்பட்டிருக்கும். அலைவரிசை எண் குறையக் குறைய அலை அதிக தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். ஆகவே மலைச்சரிவில் கைகொடுப்பது 700தானே தவிர, வேகத்துக்குப் பேர்போன 3,300 அன்று. பி.எஸ்.என்.எல். சிம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்நிறுவனத்தின் 4ஜி 2,100 மெகாஹெர்ட்ஸோடு 700 மெகாஹெர்ட்ஸையும், அதாவது 4ஜி பட்டியலின் 28ஆம் பட்டையையும் (பேண்ட்) பயன்படுத்துகிறது. 5ஜி வரிசையில் என்28 இருக்கிறது என்பதற்காக 4ஜி வரிசையிலும் 28 இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கடையில் இதைக் கேட்டால் பெரும்பாலும் ‘எல்லா சிம்மும் எடுக்கும்’ என்ற பதில்தான் கிடைக்கும். சிம் எடுப்பது வேறு, அந்தச் சிம்முக்கு உரிய எல்லாப் பட்டைகளையும் எடுப்பது வேறு.

பட்டியல் சரியாக இருந்தாலும் ஆண்டெனா எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பயன்படுத்திப் பார்த்துத்தான் அறிய முடியும். திரையின் மூலையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், எத்தனை டெசிபெலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் ‘அபவுட் ஃபோன்’ என்ற பகுதிக்குள் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்பதைத் திறந்தால் சிக்னலின் வலிமை டிபிஎம் அலகில் ஒரு எதிர்ம எண்ணாகத் தெரியும். 4ஜியில் அது -85 அளவில் இருந்தால் நன்று. -110ஐத் தாண்டினால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கத் தொடங்கும். -120 என்றால் ஏறக்குறைய இல்லை. உங்கள் பழைய கைபேசியிலிருந்து சிம்மைக் கழற்றி, வாங்க நினைக்கும் மாதிரியை ஏற்கெனவே வைத்திருக்கும் உறவினர் அல்லது நண்பரின் கைபேசியில் போட்டு, ஒரே இடத்தில் நின்று, இரண்டும் ஒரே பட்டையில் இருக்கும்போது இரண்டிலும் இந்த எண்ணைப் பாருங்கள். 10 டெசிபெல் வித்தியாசம் என்பது வந்து சேரும் ஆற்றலில் பத்து மடங்கு வித்தியாசம்; ஒன்று -98ம் மற்றொன்று -108ம் தொடர்ந்து காட்டினால், பின்னதை எத்தனை தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். சோதிக்கும் இடம் வீட்டு முற்றமாக இல்லாமல் லோயர் கேம்ப்பைத் தாண்டிய ஏதாவது ஒரு வளைவாக இருந்தால் நல்லது.

எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். மலை ஏறும்போது கைபேசி ஒரு வட்டத்துக் கோபுரத்தை விட்டு மற்றொரு வட்டத்துக் கோபுரத்தைப் பிடிக்கும். அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு பெரும்பாலும் அறுந்துபோகும். இது கைபேசியின் குறை அன்று, எவ்வளவு விலை கொடுத்தாலும் தீராது. ஆனால் அழைப்பு அறுந்தபின் எத்தனை விரைவாகப் புதிய கோபுரத்தைப் பிடித்து இணையம் திரும்புகிறது என்பது கைபேசிக்குக் கைபேசி மாறும். ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருந்தால் குமுளியில் இணையம் வராமல் போகக்கூடும். அதைப் பார்க்காமலே கைபேசியைக் குறை சொல்பவர்கள் உண்டு.

டவரும் பேட்டரியும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கோபுரம் தொலைவில் இருக்கும்போது கைபேசி தன் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. 4ஜியில் அது சுமார் 200 மில்லிவாட் வரை அனுப்பாற்றலை ஏற்றிக்கொள்ளும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அதில் மிகச் சிறு பங்கே போதும். ஆகவே நகரத்தில் ஒன்றரை நாள் ஓடியதாகச் சொல்லப்படும் 5,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) பேட்டரி, இரண்டு சிம்மோடு தோட்டத்தில் மாலை வரை தாக்குப்பிடித்தாலே நல்ல பேட்டரி என்று கொள்ள வேண்டும். இப்போது சிலிக்கான்-கார்பன் வகைப் பேட்டரிகள் வந்திருப்பதால், இதே விலையில் 6,000 எம்ஏஎச்சுக்கு மேற்பட்ட கைபேசிகளும் அதிகப் பருமன் இல்லாமல் கிடைக்கின்றன. நம் பக்கத்துக்கு, கூடுதல் கேமராவைவிட இந்த ஆயிரம் எம்ஏஎச் மேலானது. 4 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்ட சிப் பொதுவாகப் பழைய 6 நானோமீட்டர் சிப்பைவிட மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 5ஜியும் 4ஜியும் மாறி மாறி வந்துபோகும் இடத்தில் 4ஜியில் மட்டும் நிறுத்திவைத்தால் பேட்டரி மிஞ்சும். இரண்டு சிம்முக்கும் அதைத் தனித்தனியே அமைக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

சார்ஜர் பற்றி ஒரு சொல். பெட்டியில் 80 வாட் என்று அச்சிட்டிருக்கும், ஆனால் அந்த வேகம் அந்நிறுவனத்தின் சொந்தச் சார்ஜரிலும் கேபிளிலும் மட்டுமே கிடைப்பதாக இருக்கலாம்; வேறு சார்ஜரில் அது மிகவும் இறங்கிவிடும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா, இல்லாவிட்டால் தனியே எவ்வளவு, யூ.எஸ்.பி. பவர் டெலிவரி என்ற பொதுமுறையில் எத்தனை வாட் ஏற்கும் என்று கேளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் வந்துபோகும் நாட்களில் அரைமணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதே கணக்கு.

மழை என்றதும், தூசியையும் தண்ணீரையும் கைபேசி எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி எண்ணுக்கு வர வேண்டும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54, ஐபி64 ஆகியவற்றின் 4 என்பது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள். 5 என்றால் பீய்ச்சும் நீர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இடுக்கி மலையில் வேலை செய்பவருக்கு 4 குறைந்தபட்சம். ஆனால் ஐபி68 என்று எழுதிவிட்டு, தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாது என்று அதே பெட்டிக்குள் இருக்கும் தாளில் பொடி எழுத்தில் அச்சிடுவது இத்தொழிலில் வழக்கமாகிவிட்டது. அதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு: விரலை நனைத்துக்கொண்டு திரையில் ஒரு எண்ணை அழுத்திப் பாருங்கள். சில திரைகள் ஈர விரலுக்கு ஒழுங்காகக் கேட்கும், சில தாமே தாறுமாறாக ஓடும். கைரேகை உணரியையும் அப்படியே சோதிக்க வேண்டும். காய் எடுத்துத் தேய்ந்து கறை ஏறிய விரலைப் பல உணரிகள் ஏற்பதில்லை; வாங்கப்போகிறவர் வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையைக் கடைக்கு அனுப்பி, பிள்ளையின் விரலில் சோதித்து வாங்குவதில் பயன் இல்லை.

திரையைக் கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அனுமதி கேட்டு வாசலுக்கு வந்து, நண்பகல் வெயிலில் ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படித்துப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் 4,500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) போன்ற உச்ச அளவு திரையின் மிகச் சிறு பகுதிக்கு, குறிப்பிட்ட வகைக் காணொளிக்கு மட்டும் எட்டப்படுவது. முழுத் திரைக்கும் வெயிலில் கிடைக்கும் அளவு அதைவிட வெகுவாகக் குறைவு, ஆயிரம் நிட்ஸுக்கு மேல் இருந்தால் போதும். திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் 120 ஹெர்ட்ஸ் இந்த விலையில் பெரும்பாலானவற்றில் உண்டு, அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம்.

வேகத்தைப் பொறுத்தவரை பெட்டியில் பெரிதாக எழுதப்படுவது ஒன்று, உண்மையில் பயன்படுவது மற்றொன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கு நன்றாகவே பொருந்தும். ‘8 + 8 ஜிபி ரேம்’ என்று கண்டால் இரண்டாவது எட்டு சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம், உண்மை ரேமைவிட மிக மெதுவானது. மெய்யான 8 ஜிபி ரேமும், 128 ஜிபிக்குக் குறையாத சேமிப்பும், அந்தச் சேமிப்பு யூ.எஃப்.எஸ். வகையாக இருப்பதும் போதுமானவை. அதைவிட மெதுவான இஎம்எம்சி வகை என்றால் இந்த விலைக்கு அதை வாங்க வேண்டியதில்லை, ஓராண்டில் கைபேசி தடுமாறத் தொடங்குவதற்கு அது ஒரு காரணம்.

கேமராவுக்கு வருவோம், ஏனென்றால் அதைத் தவிர்க்க முடியாது. 50 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது, அது குறையும் அன்று. கேட்க வேண்டியது, லென்ஸ் நடுக்கத்தைச் சமன்செய்யும் ஓஐஎஸ் இருக்கிறதா என்பது. 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் என்ற பெயரில் பின்னால் பொருத்தப்படும் கூடுதல் கண்கள் எண்ணிக்கைக்காக இருப்பவை. ஏல வியாபாரத்தில் இருப்பவர்கள் மற்றொன்றையும் பார்க்க வேண்டும்: நிறம். 7 மி.மீ., 8 மி.மீ. என்று சல்லடையில் பிரித்த காயைப் படமெடுத்து ஏலச் சந்தையான போடிக்கு அனுப்பும்போது, பச்சையைக் கூட்டிக் காட்டும் கேமரா இளம் மஞ்சள் ஓடிய காயையும் முதல்தரக் காயாக்கிவிடும். சரக்கு நேரில் போய்ச் சேரும்போது பேச்சு வேறாகிறது. ஒரு கைப்பிடிக் காயைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய், கடை விளக்கிலும் வெளியிலும் படமெடுத்து, காயையும் திரையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அழகுபடுத்தும் அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள், அது ஆளையும் வெளுப்பாக்கும். பிறகு மங்கலான வெளிச்சத்தில் ஒரு பில்லைப் படமெடுத்து, எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தால் கேமராச் சோதனை முடிந்தது.

மென்பொருள் புதுப்பிப்பு கண்ணுக்குத் தெரியாத செலவு. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைபேசியில் யூ.பி.ஐ. மூலம் பணம் அனுப்புவது ஆபத்து, பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு வங்கிச் செயலிகளும் காலப்போக்கில் ஆதரவை நிறுத்திவிடுகின்றன. நிறுவனங்கள் சொல்லும் நான்கு ஆண்டு, ஆறு ஆண்டு என்ற கணக்கு பெரும்பாலும் அந்த மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. 2023இல் வெளிவந்து மூன்று ஆண்டு வாக்களிக்கப்பட்ட ஒன்றை 2025 தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியவருக்கு மிஞ்சுவது ஓராண்டுதான். காட்சிக்கு வைத்திருக்கும் கைபேசியில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். பல மாதம் பின்தங்கியிருந்தால் நிறுவனத்தின் பழக்கம் தெரிந்துவிடும், கடைக்காரர் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம் என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தமிழும் மலையாளமும் எழுதுகிறவர்கள் இரண்டு விசைப்பலகைகளையும் போட்டு மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கலாம், இது இப்போது எதிலும் தடைப்படுவதில்லை.

பழுதுபார்ப்பு நிலையம் எங்கே என்பதை வாங்கும் முன்பே நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிவிட வேண்டும். கம்பத்துக்காரருக்குச் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள தேனியிலும், குமுளிக்காரருக்குக் கட்டப்பனையிலும் அங்கீகரிக்கப்பட்ட நிலையம் இருந்தால் ஒருநாள் வேலையோடு போகும். மதுரைக்கோ கோட்டயத்துக்கோ போக வேண்டும் என்றால் பேருந்துச் செலவோடு இழந்த கூலியையும் கைபேசியின் விலையில் கூட்டிக்கொள்ளுங்கள். திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு என்ற விலையையும் அங்கே தொலைபேசியில் கேட்கலாம். அமோலெட் திரையின் விலை பலரைத் திகைக்கவைக்கும்.

எந்தப் பக்கம் வாங்குவது என்ற கேள்விக்கு வரி காரணமாகாது: 2020 ஏப்ரல் 1 முதல் கைபேசிக்கு ஜி.எஸ்.டி. இரு மாநிலத்திலும் 18 சதவீதம். கேரளத்தில் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை இருந்த ஒரு சதவீத வெள்ளநிவாரணக் கூடுதல் வரியும் இப்போது இல்லை. ஓணத்துக்கு அங்கேயும், ஆடிக்கும் தீபாவளிக்கும் இங்கேயும் கடைகள் தரும் சலுகைதான் வித்தியாசம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் *#06# என்று அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்கள் (கைபேசியின் தனி அடையாள எண்கள்) பெட்டியிலும் பில்லிலும் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளிக்குப் பின் அந்த 15 இலக்க எண்ணையும் 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்த எண் செல்லத்தக்கதா, முடக்கப்பட்டதா என்ற விவரம் வரும். இரண்டாம் கைக் கைபேசிக்கு இது கட்டாயம். வாங்கிய முதல் வாரத்தில் எல்லாவற்றையும் தீவிரமாகப் பயன்படுத்துங்கள், மாற்றித் தரும் காலம் இணையக் கடைகளில் மிகக் குறைவு, அதுவும் பழுதுக்கு மட்டும்தான். கடையோ நிறுவனமோ தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம், அப்போது பில்லின் எண்ணையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் கேட்பார்கள். அவற்றைப் புதிய கைபேசியில் மட்டும் படமாக வைத்திருந்தால் அது தொலைந்த அன்று இரண்டும் கையில் இருக்காது. வீட்டில் இன்னொருவரின் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.