ருத்ரம் சொல்றப்போ ஸ்வரம் நழுவினதை எப்படி சரி பண்ணினேன்

யஜுர்வேதத்துல சிவனைப் போற்றற ஸ்ரீருத்ரத்தை சந்தை முறையில கத்துக்கறேன், அதாவது வாத்யார் ஒரு தடவை சொல்லுவார், நாங்க ரெண்டு தடவை திருப்பி சொல்லணும். அவரோட சொல்றப்போ நல்லா வரும், வீட்ல தனியா புஸ்தகம் பார்த்து கொஞ்சம் வேகம் பிடிச்சா ஸ்வரமெல்லாம், அதாவது குரலோட ஏற்ற இறக்கமெல்லாம், ஒரே மட்டமா ஆயிடும். சமஸ்கிருத உச்சரிப்பைக் காட்ட தமிழ் எழுத்துக்கு பக்கத்துல 2, 3, 4னு நம்பர், அதுக்கு நடுவுல பொடிப்பொடியா ஸ்வரக் குறி, கண்ணு எதைத்தான் பிடிக்கும்!

கோடு போடாத நோட்டு ஒண்ணு வாங்கி பெரிய எழுத்துல நானே எழுதினேன். குரல் இறங்கற அனுதாத்தத்துக்கு அடியில சிவப்புக் கோடு, ஏறற ஸ்வரிதத்துக்கு தலைமேல நீலக் கோடு, அதையே நீட்டிச் சொல்ற தீர்க்க ஸ்வரிதம்னா ரெண்டு நீலம், சமமா போற உதாத்தத்துக்கு ஒண்ணும் கிடையாது. முதல் வரியையே பாருங்க, "நமஸ்தே ருத்ர மன்யவ". நமஸ்தேல வர்ற ம மேல ஏறும், ருத்ர சமமா போகும், மன்யவல வர்ற அதே ம கீழ இறங்கும், கடைசி வ திரும்ப மேல. இதை கலர்ல பார்த்ததும் குரல் தானா அந்தந்த இடத்துக்கு போக ஆரம்பிச்சுது.

இன்னொண்ணு, சொல்லை விட்டுட்டு வெறும் "ம்"னு ஸ்வரத்தை மட்டும் முனகிப் பார்க்கறது, இதுதான் எனக்கு ரொம்ப கைகொடுத்தது. தைத்திரீய உபநிஷத்து சீக்ஷாவல்லியில வர்ணம், ஸ்வரம், மாத்திரை, பலம், சாமம், சந்தானம்னு உச்சரிப்புக்கு ஆறு விஷயம் சொல்லியிருக்கு, நெடிலை நறுக்கினா மாத்திரை, அதாவது எழுத்தோட கால அளவு, போச்சு, அதனால வேகத்தை குறைச்சேதான் சொல்றேன். புதுசா பாடம் எதையும் நோட்டை மட்டும் பார்த்து ஆரம்பிக்காதீங்க, முதல்ல குரு வாயால கேட்டுடுங்க. ருத்ரத்துக்கு அடுத்து சொல்ற சமகத்துக்கும் இப்போ இதே மாதிரி எழுதிண்டிருக்கேன்.