சோபாவை மறந்துவிட்டு ஸ்பீக்கர் மாட்டாதீர்கள்

"பேசுறது ஒண்ணும் வெளங்கலப்பா. சண்டை வந்தா மட்டும் கண்ணாடி அலமாரி கடகடன்னு ஆடுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ." மதுரை திருநகரில் இருக்கும் சித்தப்பா போனில் சொன்னது இது. ஹோம் தியேட்டர் வாங்கியவர்கள் முக்கால்வாசிப் பேர் என்னிடம் புலம்புவதும் இதையேதான்.

சித்தப்பா மேலூர் பக்கம் பல வருடம் மைக் செட் போட்டவர். காதுகுத்து, கிடாவெட்டு, முளைப்பாரி என்று எதுவானாலும் மூங்கிலில் குழாயை உயரக் கட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி திருப்பிவிடுவார். டவுன்ஹால் ரோட்டில் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர்) வாங்கி வந்ததும் கை அந்தப் பழக்கத்திலேயே போயிருக்கிறது. ஐந்து ஸ்பீக்கரையும் கூரையை ஒட்டி ஆணியடித்து மாட்டியிருந்தார். சீலிங் ஃபேனுக்கு அருமையாகக் கேட்டிருக்கும்.

மைக் செட் ஊருக்குப் போடுவது. வீட்டில் கேட்கப்போவது ஒரு சோபாவில் உட்காரும் மூன்று நான்கு பேர். அதனால் டேப்பை எடுத்தால் சோபாவிலிருந்துதான் அளக்க வேண்டும். சுவரில் எங்கே ஆணி இருக்கிறது, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஸ்பீக்கர் மாட்டுவதில்தான் பாதிக் கோளாறு ஆரம்பிக்கிறது.

உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். முன்பக்க ஸ்பீக்கர்களில் இருக்கும் சின்ன வட்டம், அதாவது ட்வீட்டர், ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வரவேண்டும். 'ச', 'ஸ்' போன்ற ஒலிகளைத் துல்லியமாகத் தருவது அதுதான். அது டார்ச் வெளிச்சம் மாதிரி, நேராக இருப்பவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கும்.

அடுத்தது இடைவெளி. இடது, வலது ஸ்பீக்கர் இரண்டையும் டிவி ஷோகேஸுக்குள்ளேயே நான்கடி இடைவெளியில் அடைத்துவிடுகிறார்கள். சோபாவிலிருந்து பார்த்தால் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் 22 முதல் 30 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். டிவி 9 அடி தூரத்தில் இருந்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே குறைந்தது 7 அடி வேண்டும். டிகிரி அளக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கொத்தனார் பிடிக்கிற மாதிரி சோபாவின் நடுவிலிருந்து ஒரு நூலை இடது ஸ்பீக்கர் வரை பிடியுங்கள். அதே நூல் வலது ஸ்பீக்கருக்கும் சரியாக எட்ட வேண்டும்.

வசனம் கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் டிவியை ஒட்டி நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர். படத்தின் பேச்சு அநேகமாக முழுக்க அது வழியாகத்தான் வரும். அதைப் போய் ஷோகேஸின் அடித்தட்டில் உள்ளே தள்ளி, முன்னால் பேரப்பிள்ளை வாங்கிய கோப்பையையும் வைத்தால் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் வரும். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்பு வரை வெளியே வரட்டும். டிவிக்குக் கீழே இருந்தால் முழங்காலைப் பார்த்துப் பேசும், அதனால் முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுங்கள். சித்தப்பா வீட்டில் தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி முன்பக்கம் அடியில் கொடுத்தேன். அதற்குப் பிறகு அன்று வேறு எதையும் தொடாமலே பாதி வசனம் புரிய ஆரம்பித்துவிட்டது.

நம்மைச் சுற்றிச் சத்தம் தரும் சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தியேட்டரைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. அங்கே சுவர் நெடுக உயரத்தில் வரிசையாக மாட்டுவது நூற்றுக்கணக்கான இருக்கைகளுக்காக. நம் வீட்டில் இருப்பதோ ஒரே வரிசை. 5.1-இல் அந்த இரண்டும் உட்காருபவரின் பக்கவாட்டில், சற்றே பின்னால் தள்ளி, அதே நடுக்கோட்டிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள், காதைவிட ஓரிரு அடி உயரத்தில் இருந்தால் போதும். பின்சுவரின் இரண்டு மூலையிலும் கூரையோடு மாட்டுவது வேலைக்காகாது.

அப்புறம் பிளஸ், மைனஸ். இரட்டை ஒயரில் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், அல்லது ஒன்று செம்பு நிறமும் மற்றது வெள்ளி நிறமுமாக இருக்கும். எதைச் சிவப்பில் கொடுத்தாலும் ரிசீவர் (ஸ்பீக்கர் எல்லாம் வந்து சேரும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி), ஸ்பீக்கர் இரண்டு முனையிலும் அதே சிவப்பில் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் மாறினால் சத்தம் வரத்தான் செய்யும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பாஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், வற்றிப்போகும், குரல் எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாது. என் வீட்டிலேயே ஒரு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, ஸ்பீக்கர் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்குள் போன ஒயரில் எது எது என்று தெரியாவிட்டால், ரிசீவர் முனையைக் கழற்றி 1.5 வோல்ட் டார்ச் செல்லின் இரண்டு பக்கமும் ஒரு விநாடி தொட்டுப் பாருங்கள். 'டப்' என்று ஸ்பீக்கரின் நடுவில் அசையும் கூம்பு வெளியே வந்தால், செல்லின் பிளஸ்ஸைத் தொட்ட ஒயர்தான் பிளஸ். உள்ளே போனால் மாற்றிக் கொடுங்கள்.

இனி பாஸுக்கென்றே இருக்கும் பெட்டி, ஊஃபர். எல்லோரும் மூலையில்தான் வைக்கிறார்கள், அங்கேதான் இடம் இருக்கிறது என்பதால். மூலையில் பாஸ் அதிகமாக வரும், உண்மைதான். ஆனால் எல்லா பாஸும் ஒரே அளவில் ஏறாது. சித்தப்பா வீட்டு ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர், அதாவது 1,125 அடி போகும். கணக்குப் போட்டால் அந்த நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 35 அதிர்வு), அகலத்துக்கு 51 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். அந்த வீக்கம் சுவரை ஒட்டி அதிகமாகவும், அறையின் நட்டநடுவில் குறைவாகவும் இருக்கும். சித்தப்பாவுக்கு ஊஃபரும் மூலையில், சோபாவும் பின்சுவரோடு. அலமாரி ஆடாமல் என்ன செய்யும்?

இதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. ஊஃபரைத் தூக்கிச் சோபாவில், நாம் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பாஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, முன்சுவர் ஓரமாக மண்டியிட்டுத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் பாஸ் இரையாமல், அடங்காமல், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதோ அங்கே ஊஃபரைக் கொண்டுவந்து வைக்கலாம். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது சித்தி காபியோடு வந்து, "என்னத்தடா தொலைச்ச?" என்றார். இடம் கிடைத்தது, மூலையிலிருந்து நாலடி தள்ளி. சோபாவையும் இரண்டடி முன்னால் இழுத்தோம். சித்தி முதலில் முகம் சுளித்தார், பிறகு பின்னால் பெருக்க வசதியாகப் போனதாகச் சொல்லிக்கொண்டார்.

ரிசீவரில் சின்ன ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று வைத்துவிடுவதும் அடிக்கடி பார்க்கிறேன். 'லார்ஜ்' என்றால் பாஸும் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கே போகும். 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை, அதாவது எந்த எண்ணுக்குக் கீழே உள்ள பாஸ் ஊஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள். கையளவு ஸ்பீக்கர் என்றால் 120 வரை போகலாம். ஊஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை அதிகபட்ச எண்ணுக்கே திருப்பிவிடுங்கள், இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்ய வேண்டாம். மாசி வீதிப் பக்கம் பொதுச்சுவர் வீடுகளில் இருப்பவர்கள் ஊஃபருக்கு அடியில் கனமான ரப்பர் மேட் போட்டு, ராத்திரியில் பெரிய சத்தத்தை அடக்கிவைக்கும் ரிசீவரின் நைட் மோடைப் போட்டுக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் விழிக்கலாம்.

டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ரிசீவருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு) வழியாகச் சத்தம் எடுப்பவர்கள் டிவியின் ஆடியோ செட்டிங்கையும் பாருங்கள். அது 'பிசிஎம்' என்ற வகையில் இருந்தால் எத்தனை ஸ்பீக்கர் மாட்டினாலும் வருவது இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோதான். பிட்ஸ்ட்ரீம் என்று மாற்ற வேண்டும்.

எவ்வளவு சரியாக வைத்தாலும் நம் ஊர் ஹாலுக்கென்று ஒரு வியாதி உண்டு. தரை டைல்ஸ், சுவர் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட். நாயக்கர் மகால் தூண்களுக்கு நடுவே கைதட்டினால் சத்தம் நீண்டு அடங்குமே, அதன் தம்பி நம் ஹால். இதற்கு முட்டை அட்டையை ஒட்டாதீர்கள். பாஸ் அதில் அடங்காது, தீப்பிடித்தால் அதுவே முதலில் எரியும். சுங்குடியில் திரை தைத்தால் பார்க்க அழகு, ஆனால் மெல்லிய துணியைச் சத்தம் சட்டை பண்ணாது. கனமான திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே தடித்த கார்ப்பெட், இல்லையென்றால் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டாலும் கொஞ்சம் பலன் உண்டு. பக்கச் சுவரில் எங்கே திரை வேண்டும் என்று தெரிய, ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும். சோபாவில் இருப்பவருக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் அது.

கடைசியாக, ரிசீவரோடு வரும் மைக்கை வைத்து ஆட்டோ செட்டிங் போடும்போது அதைக் கையில் பிடிக்காதீர்கள், காது உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். ஃபேனையும் ஏசியையும் நிறுத்த வேண்டும். நாங்கள் செய்தது அக்னி நட்சத்திரத்தில். "அஞ்சு நிமிஷந்தானே?" என்று சித்தப்பா துண்டால் விசிறிக்கொள்ள, அந்தச் சத்தமும் மைக்கில் போய் மறுபடியும் முதலிலிருந்து போட்டோம். முடிந்ததும் ஊஃபர் நின்ற இடத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி, ரிசீவரின் பின்பக்க ஒயர்களை போனில் படம் எடுத்துவைத்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் கழற்றுவார்கள்.