சுங்குடிப் புள்ளி பிஸ்கட்டுக்குப் பளபளக்கும் ஐசிங்

அக்கா மகளின் வளைகாப்புக்குச் சுங்குடிச் சேலை போன்ற பிஸ்கட் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். ஈரமாக இருந்தவரை கண்ணாடிபோல் மின்னிய ஐசிங், மறுநாள் காலையில் சுண்ணாம்பு பூத்த சுவர்போல் மங்கிக் கிடந்தது. வெள்ளைப் புள்ளிகளில் சிவப்பு ஊறியிருந்தது. அது ஐப்பசி மாதம். மதுரையில் விடாத மழை. அதன் பிறகு பலமுறை செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்: பளபளப்பைக் கிண்ணத்தில் உண்டாக்கிவிடலாம், அதைக் காப்பாற்றுவது காய வைக்கும் விதம்தான்.

ஐசிங் ஏன் மங்குகிறது? நீரில் கரைந்த சீனி, காயும்போது மறுபடியும் படிகமாகிறது. படிகங்கள் பெரிதானால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும், ஒளி சிதறிவிடும். லிக்விட் குளுக்கோஸ் அந்தப் படிகங்களைப் பெரிதாக வளர விடாது. ஆகவே இந்தச் செய்முறையில் எதைக் குறைத்தாலும் குளுக்கோஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்யும் ராயல் ஐசிங் கெட்டியாகக் காயும், ஆனால் மினுமினுப்பு இருக்காது. நாம் செய்யப்போவதில் முட்டையே இல்லை.

தேவையானவை

ஐசிங் சுகர் 250 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 30 கிராம், காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் 5 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஜெல் வகை நிறம். நடுத்தர அளவுள்ள 20 பிஸ்கட்டுகளுக்கு இது போதும். குளுக்கோஸ், பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

சீனியை வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம். எவ்வளவு அரைத்தாலும் நுண்ணிய குருணை தங்கிவிடும், அது காய்ந்த பின் மேலே தெரியும்.

கலக்கும் முறை

ஐசிங் சுகரை மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். குளுக்கோஸ் பிசின்போல் கரண்டியை விடாது. டப்பாவைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் இளகிவிடும். கரண்டியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எடுங்கள்.

சர்க்கரையில் உப்பு, எலுமிச்சைச் சாறு, நான்கு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்துக் கரண்டியால் குழைத்த பின் குளுக்கோஸை விடுங்கள். பீட்டரை எடுக்காதீர்கள். வேகமாக அடித்தால் காற்று புகுந்து குமிழாகும்; குமிழ் உடைந்த இடமெல்லாம் காயும்போது அம்மைத் தழும்புபோல் குழி விழும். மெதுவாகக் குழைத்து, ஈரத்துணியால் மூடி கால் மணி நேரம் வையுங்கள். குமிழ்கள் தாமாக மேலே வந்துவிடும்.

இப்போது பதம் பார்க்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் நாடாபோல் விழுந்து, விழுந்த தடம் 20 நொடிகள் வரை நின்றால் அது கரை கட்டும் பதம். அதில் கால் பங்கை எடுத்து வையுங்கள். மீதியில் அரை அரைத் தேக்கரண்டியாகத் தண்ணீர் விட்டு, தடம் 10 நொடிகளில் மறையும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், இது நிரப்புவதற்கு. ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றிவிட்டால், சரிசெய்ய நிறைய சர்க்கரை கொட்ட வேண்டிவரும்.

நிரப்பும் பதத்தில் கொஞ்சம் வெள்ளையாகவே இருக்கட்டும். மற்றதிலும் கரைக்கான பங்கிலும் சிவப்பைக் கலந்துகொள்ளுங்கள். ஜெல் நிறம் ஒரு மணி நேரத்தில் தானாகவே அடர்த்தியாகும். எனவே வேண்டியதைவிடச் சற்று வெளிறியிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். நிறம் மிகுந்தால் கசக்கும், பக்கத்து வெள்ளையிலும் ஊறும்.

பிஸ்கட்டின் மேல்

பிஸ்கட் முழுதாக ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பு இருந்தால்கூட ஐசிங் இளகி வழியும், வெண்ணெய் மேலேறிக் கறை படியும். பட்டர் பேப்பரை மருதாணிக் கோன்போல் சுருட்டி, நுனியை ஊசித் துளை அளவுக்கு வெட்டுங்கள். மார்கழிக் கோலத்தில் கரையிட்டு வண்ணப்பொடி நிரப்புவோமே, அதே வேலைதான் இதுவும். கெட்டிப் பதத்தால் விளிம்பில் கரை கட்டி, பத்து நிமிடம் விட்டு, உள்ளே இளகிய பதத்தை ஊற்றிப் பல்குத்தும் குச்சியால் மூலைவரை தள்ளுங்கள். குமிழ் தெரிந்தால் அதே குச்சியால் குத்திவிடலாம்.

சிவப்பு ஈரமாக இருக்கும்போதே வெள்ளைப் புள்ளிகளை வையுங்கள். மேலே ஆடை படிந்துவிட்டால் புள்ளி மேடாக நிற்கும். ஈரத்தில் வைத்தால் துணியில் இருப்பதுபோலச் சமமாகப் பதியும். அதனால் எல்லாப் பிஸ்கட்டையும் நிரப்பிவிட்டுத் திரும்பி வராமல், ஒவ்வொன்றாக முடியுங்கள். இரண்டு நிறங்களும் ஒரே பதத்தில் இருப்பது முக்கியம். சுங்குடியில் கையால் நூல் முடிச்சுப் போட்ட இடத்தில்தான் சாயம் ஏறாமல் புள்ளி விழுகிறது. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. நீங்களும் அளவெடுத்து வைக்க வேண்டாம். கொஞ்சம் முன்பின் இருந்தால்தான் அது சுங்குடி.

காய வைத்தல்

முதல் ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்று நேரடியாகப் படட்டும். மேல்தோல் சீக்கிரம் காய்ந்தால் மினுமினுப்பு நிற்கும். ஈரக் காற்றில் மெதுவாகக் காய்ந்தால் மங்கும், நிறமும் ஊறும். எனக்கு ஐப்பசியில் நடந்தது அதுதான். மழை நாளில் சன்னலைச் சாத்திவிட்டு, ஏசி இருக்கும் அறையில் மின்விசிறியையும் போடுங்கள். சித்திரை வெயில் நாளில் தொல்லை வேறு: கிண்ணத்திலேயே ஐசிங் ஆடை கட்டிவிடும், ஈரத்துணி விலகவே கூடாது. எந்தப் பருவத்திலும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து, செய்த வேலையெல்லாம் கரைந்துவிடும்.

குளுக்கோஸ் இருப்பதால் முழுதாகக் காய 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். ஓரத்தில் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாவிட்டால் அடுக்கலாம். இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பே செய்து முடித்துவிட்டால், கடைசி நாளில் வளையல் அடுக்கவும் சாதம் கிளறவும் கை ஓய்வாக இருக்கும்.